மாதிரி வகுப்பில் நான் நடித்த பிள்ளை

எனக்கு ஒரு வேஷம் நன்றாக வரும். படிக்கத் தெரியாத பிள்ளையாக நடிப்பேன். புதுச்சேரியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் யாரிடம் கேட்டாலும், என் பெயர் தெரியாவிட்டாலும், "புள்ளையா நடிப்பாங்களே, அந்த டீச்சரா?" என்று கேட்பார்கள். பதினெட்டு வருஷம் தொண்டை கட்டக் கட்டப் பாடம் நடத்தி வராத பெயர், இந்தப் பத்து நிமிஷக் கூத்தில் வந்தது. அதில் எனக்குப் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய்.

ஆசிரியர் பயிற்சி என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. பாடத்திட்டம் மாறினதிலிருந்து எங்களுக்குப் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. மூன்று நாள், ஐந்து நாள், போனிலேயே முடிக்கிற பயிற்சி வேறு. போன் பயிற்சியை நான் சாம்பார் தாளித்துக்கொண்டே முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். நேரில் போகிற பயிற்சியில் காலையில் கைதட்டிப் பாட்டுப் பாட வேண்டும். பிறகு பூப்பெயர் சொல்லிக் குழு பிரிப்பார்கள். மல்லிகைக் குழு, தாமரைக் குழு என்று போய் உட்கார்ந்து, சார்ட் பேப்பரில் ஐந்து குறிப்பு எழுதி, சுவரில் ஒட்டி, அதன் முன்னால் நின்று படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரண்டாம் நாள் மாதிரி வகுப்பு வரும். ஒருவர் டீச்சராக நின்று பாடம் எடுக்க, மற்ற டீச்சர்கள் பிள்ளைகளாக உட்காருவோம். பேரன் எடுத்தவர்கள்கூட அன்றைக்கு ஒண்ணுக்குப் போக விரல் காட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவர் பேனாவைப் பிடுங்குவார்கள். எல்லோருக்கும் பிடித்த பகுதி அதுதான். அதற்காகவே பயிற்சிக்கு வருகிறவர்களும் உண்டு.

நான் நடித்த பிள்ளை யார் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் ஐந்தாம் வகுப்புப் பெண்.

எங்கள் பள்ளி மேட்டுப்பாளையம் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு வீடு அரியாங்குப்பத்தில். தினமும் பாலம் தாண்டி, டவுனைக் குறுக்கே கடந்து, லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். வகுப்பில் இருபத்திமூன்று பிள்ளைகள். இந்தப் பெண் இரண்டாம் வரிசை. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல், கணீரென்ற குரல். பள்ளி திறந்த முதல் வாரம் எல்லாரையும் படிக்க வைத்து நிலை குறிக்கச் சொல்லியிருந்தார்கள். எழுத்து மட்டும் தெரிந்தால் எழுத்து நிலை, சொல் படித்தால் சொல் நிலை, அப்புறம் வாக்கியம், அப்புறம் பத்தி. இவள் எழுந்து நின்று முதல் பாடத்தை விரல் வைத்துக் கடகடவென்று படித்தாள். பத்தி நிலை என்று குறித்தேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று தலைமை ஆசிரியரிடமும் சொன்னேன்.

ஆகஸ்டில்தான் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதை அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வாங்கிப் பார்த்தாள். இடது காதைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். "மிஸ், இந்தப் பக்கம் நாம இன்னும் நடத்தல மிஸ்" என்றாள். நடத்தாவிட்டால் என்ன, படி என்றேன். அட்டையில் தவளை படம் போட்டிருந்தது. விரலை வரியில் வைத்து ஓட்டிக்கொண்டே, "தவளை கொட புடிச்சிக்கிட்டு பள்ளிக்கூடம் போச்சு" என்று படித்தாள். அதில் எழுதியிருந்தது, மழையில் தவளை நனைந்தது என்று. இவள் வாய் வாக்கியத்தை முடித்துவிட்டது, விரல் இன்னும் வரியின் பாதியில் நின்றது. அதைக் கவனித்து, விரலை வேகமாகக் கடைசிவரை ஓட்டி முடித்தாள்.

அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் தெரியாது. மற்றவர்கள் படிக்கும்போது ஒரு தடவை கேட்டால் போதும், பாடம் முழுக்க மனதில் ஏறிவிடும். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். எனக்குப் பரிதாபமெல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னையே இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. முட்டி போடச் சொன்னேன்.

அவள் அம்மா ரேங்க் கார்டில் கைநாட்டு வைக்க வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமனார் காலத்தில் மில் வேலை, மில் மூடின பிறகு ஆளுக்கொரு வேலையாகப் போன குடும்பம். இந்த அம்மா டவுனில் ஏதோ ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைக்கிற வேலை. எந்த ஆபீஸ் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"வீட்ல நல்லாப் படிக்கிறா டீச்சர். நான் சோறு ஆக்கசொல்ல பக்கத்துல குந்திகினு படிச்சிக் காட்டுவா" என்றாள். "எனக்கு ஒரு எழுத்தும் வராது. பஸ்ஸு போர்டு பாக்கணும்னாலும் யாருனா ஒருத்தர் கைய புடிக்கணும். இவளுக்கு படிப்பு வந்துடிச்சி, அது போதும் எனக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லிக் குடுத்து பெரிய ஸ்கூலுக்கு அனுப்புங்க."

பெண் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லி அழ வைப்பானேன், வருஷம் முடிவதற்குள் படிக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எங்களிடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி போனால் பாடத்துக்கு ஒரு வாத்தியார் வந்து நடத்திவிட்டுப் போவார். அங்கே யாரும் யாருக்கும் எழுத்து சொல்லித் தர மாட்டார்கள். என்னிடம் இருக்கிற இந்த ஒரு வருஷம்தான் அவளுக்கு. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு தினமும் இருபது நிமிஷம் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். மற்ற பிள்ளைகள் வெளியே விளையாடும். மணலைத் தட்டில் கொட்டி எழுத வைத்தேன். இரண்டு வாரத்தில் முப்பது எழுத்து வந்துவிட்டது. ஒருநாள் 'படகு' என்ற சொல்லை அவளாகவே கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்கே நம்பிக்கை இல்லை, படம் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் நாலு மாதம் இப்படியே விடாமல் செய்தால் போதும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த வாரம் சர்க்குலர் வந்தது. வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் முறைகள், மூன்று நாள் பயிற்சி. தலைமை ஆசிரியர், "போயிட்டு வாங்க டீச்சர், உங்க கிளாஸ ஃபோர்த்தோட சேத்துக்கலாம்" என்றார். டவுனில் பழைய பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் ஒன்றில் பயிற்சி மையம். என் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். லாரி கிடையாது, கத்த வேண்டாம், ஃபேனுக்குக் கீழே உட்காரலாம். சந்தோஷமாகத்தான் போனேன்.

பயிற்சி கொடுத்தவர் பெரிய உருவம். பாட்டன் காலத்திலிருந்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கின குடும்பம். பெண் ஆசிரியர்களை எல்லாம் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். இரண்டாம் நாள் மாதிரி வகுப்புக்கு எழுத்து நிலையில் இருக்கிற ஒரு பிள்ளை வேண்டும் என்றார். ஒரு டீச்சர் எழுந்து திக்கித் திக்கிப் படித்துக் காட்டினார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மக்கு மாதிரி விழித்தார். பயிற்சி கொடுத்தவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "பொய்யா இருக்கு மதாம். நெஜப் புள்ள இப்டியா இருக்கும்? நம்ம கிளாஸ்ல இருக்கிற புள்ளைய நாமளே பாக்கறதில்ல போல."

அது என்னைச் சுட்டது. நான் பார்த்திருக்கிறேன், யாரும் பார்க்காததைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு வீம்பு. எழுந்து போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதலில் நடத்தின பாடத்தைக் கணீரென்று படித்தேன். எல்லோரும் குழம்பினார்கள், இதுவா எழுத்து நிலை என்று. அப்புறம் அட்டையை வாங்கினேன். இடது காதைப் பிடித்தேன். ஃபேனைப் பார்த்தேன். "மிஸ், இந்தப் பக்கம் நாம இன்னும் நடத்தல மிஸ்." அவ்வளவுதான், முதல் வரிசை சிரிக்க ஆரம்பித்தது. விரலை ஓட்டினேன். தவளைக்குக் குடை பிடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். வாய் முடிந்ததும் நின்றுபோன விரலைப் பார்த்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்து, விரலைக் கடைசிவரை இழுத்தேன். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு வர வர எனக்கும் ஏறிக்கொண்டது. தண்ணீர் குடிக்கக் கேட்டேன். வயிறு வலிக்குது மிஸ் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் செய்யாததை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் அவள் செய்ததுதான்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். டீ கொண்டுவந்த பெண்கள் இரண்டு பேர் தட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவள் அம்மா. வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கை இன்னும் காதில் இருந்தது. அவள் பார்வை அங்கே வந்து நின்றது. அதற்குப் பிறகும் வாயில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை.

நடித்து முடித்ததும் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று குழுவில் பேசி எழுதச் சொன்னார்கள். எங்கள் குழுவுக்கு நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும். தினமும் இருபது நிமிடம் தனிக் கவனம். ஒருநாளும் இடைவெளி விடாமல். படம் இல்லாத அட்டை. மணலில் எழுதுதல். பெற்றோரிடம் உண்மை நிலையைச் சொல்லுதல். பச்சை ஸ்கெட்சில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து ஒட்டினேன். அந்த சார்ட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இடைவேளையில் கை கழுவப் பின்பக்கம் போனேன். அந்த அம்மா குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நல்லா நடிச்சீங்க டீச்சர்."

"நீங்க இங்கதான் வேல செய்றீங்களா?"

"ரெண்டு வருசமா. கான்ட்ராக்ட்டு. பெருக்கறது, தொடைக்கறது, இப்டி ட்ரெய்னிங்கு வந்தா டீ குடுக்கறது." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள். "அந்தப் புள்ள காதப் புடிச்சிக்குது இல்ல டீச்சர். எம்பொண்ணும் அப்டித்தான் புடிச்சிக்குவா."

நான் குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

"அவ இல்லையே டீச்சர்?"

கேட்டுவிட்டாள். இதைவிட நேராக ஒருத்தி கேட்க முடியாது. ஆமாம்மா, அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனா ரெண்டு வாரத்தில் முப்பது எழுத்து வந்துவிட்டது, விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்காது. பெற்றோரிடம் உண்மை நிலையைச் சொல்லுதல் என்று பூ வரைந்து ஒட்டிவிட்டு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதைச் சொன்னால், உன் பெண்ணை வைத்துத்தான் நாற்பது பேரைச் சிரிக்க வைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"சேச்சே, இல்லம்மா. முன்னாடி நான் தவளக்குப்பத்துல வேல செஞ்சேன். அங்க படிச்ச புள்ள."

அவள் முகம் அப்படியே தளர்ந்தது. "எனக்கு ஒரு நிமிசம் பக்குனு ஆயிடிச்சி டீச்சர்" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். இந்தத் தடவை நிஜமாகச் சிரித்தாள். "வீட்ல போயி அவகிட்ட செஞ்சி காட்டணும். ஒங்க டீச்சர் இப்டி நடிக்கிறாங்கடின்னு." எனக்கு மட்டும் இன்னொரு டீ கொண்டுவந்து கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக. வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் மாலை பயிற்சி கொடுத்த அந்தப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மற்ற மையங்களிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது, பயிற்சி கொடுக்கிற கருத்தாளராக வருகிறீர்களா மதாம் என்றார். அடுத்த வருஷம் மையத்திலேயே ஒரு இடம் காலியாகிறது என்றும் சொன்னார். வீட்டிலிருந்து இருபது நிமிஷம். யோசிக்கிறேன் என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டு, படி இறங்குவதற்குள் திரும்பிப் போய்ச் சரி என்று சொன்னேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பிறகு அந்தப் பெண் மணல் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். எழுதச் சொன்னால் மட்டும் வலது கையை எடுத்தாள், எழுதிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டாள். மூன்று நாளில் ஏழெட்டு எழுத்து மறந்துபோயிருந்தது. ஒரு எழுத்தில் தடுமாறி நின்றபோது இடது தோள் கொஞ்சம் உயர்ந்தது. கை வெளியே வரவில்லை.

"தவளக்குப்பத்துல ஒரு புள்ள இருந்திச்சாமே மிஸ்" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"யாரு சொன்னா?"

"அம்மா செஞ்சி காட்டுனாங்க. வெரல இப்டி ஓட்டுமாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அம்மாவும் ஒரே சிரிப்பு."

நான் மணலைச் சமப்படுத்தினேன். அவளுக்குத் தெரியும். தவளக்குப்பத்துப் பிள்ளை யாரென்று அவள் அம்மாவுக்குத்தான் தெரியாது. அடுப்பு முன்னால் அம்மா காதைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டியிருக்கிறாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இவளும் சிரித்துத்தான் இருக்க வேண்டும்.

"அந்தப் புள்ளைக்கு அப்பறம் படிக்க வந்துச்சா மிஸ்?"

"வந்துச்சு."

"எப்டி மிஸ்?"

முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலி கிடையாது, குத்தலும் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். பச்சை ஸ்கெட்சில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தினமும் இருபது நிமிஷம், ஒருநாளும் விடாமல், என்று சொன்னால் அதை நான் செய்ய வேண்டும். அடுத்த நாள் வில்லியனூர்ப் பக்கம் பயிற்சியில் நான் கருத்தாளர்.

"நாளைக்கு மிஸ்ஸுக்கு ட்ரெய்னிங் இருக்கு. வந்து சொல்றேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் பள்ளியில் இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். போன இடத்திலெல்லாம் அதே நடிப்பு. யாரோ போனில் படம் பிடித்துக் குழுவில் போட, மற்ற வட்டங்களிலும் கேட்டுக் கூப்பிட்டார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று ஊரெல்லாம் போய்ச் சொல்லிக் கொடுத்தேன், என் வகுப்பில் அந்தப் பிள்ளை நான்காம் வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்திருந்தாள். டவுன் மையத்தில் நடித்தபோதெல்லாம் அவள் அம்மா வாசலில் வந்து நின்றுவிடுவாள். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வருவாள். "எம்பொண்ணோட டீச்சர்" என்று அவர்களிடம் சொல்வது காதில் விழும்.

நான் பள்ளிக்கு வந்த நாட்களில் அவள் மணல் தட்டை எடுத்துவரவில்லை. சாப்பிட்டதும் தட்டுக் கழுவப் போய், மணி அடிக்கும்வரை குழாயடியிலேயே நிற்பாள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எங்கே விட்டோம் என்று பார்க்க வேண்டும், பார்த்தால் எனக்கே பிடிக்காது. காதைப் பிடிக்கிற பழக்கம் அவளிடம் அடியோடு போய்விட்டது. அதற்குப் பதில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள். படிக்கச் சொன்னால் பென்சிலைக் கீழே நழுவ விடுவாள், குனிந்து எடுக்கிற நேரத்தில் பக்கத்துப் பெண் சொல்லிக் கொடுப்பாள், நிமிர்ந்து கணீரென்று சொல்வாள். கண் இமைக்கிற நேரம்தான், அவ்வளவு சுத்தமாகச் செய்வாள். நான் இரண்டு தடவை பார்த்தேன். அடுத்த பயிற்சியில் அதையும் சேர்த்துக்கொண்டேன். நன்றாக எடுபட்டது.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் கிளார்க் கிடையாது, வகுப்பு ஆசிரியர்தான் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். இருபத்திமூன்றையும் ஒரே மதியத்தில் உட்கார்ந்து எழுதினேன், நடுநடுவே பயிற்சி மையத்திலிருந்து போன். தலைமை ஆசிரியர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பெற்றோர் வந்து, விவரமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அடிக்கட்டையில் கையெழுத்து வைத்து வாங்கிப்போக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் படித்துக் காட்டுவோம்.

மையத்தில் கொடுத்த நீலச் சீருடைப் புடவையிலேயே அவள் அம்மா வந்தாள், வேலைக்கு நடுவே அனுமதி கேட்டு வந்திருந்தாள். நான் சான்றிதழை எடுத்துப் படித்துக் காட்ட வாயைத் திறந்தேன்.

"நீங்க எதுக்கு டீச்சர் செரமப்படணும்? இவ படிக்கட்டும்" என்று பெண் கையில் கொடுத்தாள். "படிடி, கேக்கறேன்."

பெண் காகிதத்தை மேஜை மேல் விரித்தாள். விரலை முதல் வரியில் வைத்தாள். தன் பெயரைப் படித்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், பள்ளியின் பெயர். எல்லாம் எந்த வரிசையில் வரும் என்று முன்னால் வாங்கிப்போன பிள்ளைகள் படிக்கும்போது கேட்டிருப்பாள். பிறந்த தேதி வந்தது. தேதியைச் சொல்லி, "ஆகஸ்ட்" என்று படித்தாள். அவள் விரலுக்குக் கீழே என் கையெழுத்தில் ஏப்ரல் என்று எழுதியிருந்தது. போன் பேசிக்கொண்டே முந்தின பிள்ளையின் மாதத்தை எழுதிவிட்டிருக்கிறேன். அவள் மேலே படித்துக்கொண்டே போனாள். நடத்தை, நன்று. வாய் முடிந்தபோது விரல் இரண்டு வரி பின்னால் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு விரலை மெதுவாகக் கடைசி வரிக்கு நகர்த்தினாள்.

"எல்லாம் சரியா இருக்கா டீச்சர்?" என்றாள் அம்மா. முகமெல்லாம் பூரிப்பு.

மாதம் தப்பு என்று நான் சொன்னால், அப்போ இவள் என்ன படித்தாள் என்று கேட்பாள். அதிலிருந்து தவளக்குப்பத்துப் பொய்க்கு வர அவளுக்கு எத்தனை நேரம் ஆகும்? பிறகு தலைமை ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் அப்போதே நம்பவில்லை.

"சரியா இருக்கும்மா."

அவள் மையில் விரலைத் தோய்த்து அடிக்கட்டையில் அழுத்தினாள். பெண் சான்றிதழை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டாள். "வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் எனக்கு மையத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கே இரண்டு வாரம் அவள் அம்மாவைக் காணவில்லை. லீவு என்றார்கள். ஜூலையில் ஒருநாள் புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மாதிரி வகுப்புக்கு நேரமாகிறது என்று வராண்டாவில் நின்றிருந்தேன். டீ கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என் முன்னால் இறக்கி வைத்தாள்.

"பெரிய ஸ்கூல்ல பொறந்த சான்றிதழ் ஒரு மாதிரி இருக்கு, டிசி ஒரு மாதிரி இருக்குன்னு கூப்ட்டு அனுப்புனாங்க டீச்சர்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் போனேன். எம்பொண்ணு படிச்சிப் பாத்துதான் வாங்கனோம், சரியாத்தான் இருந்துச்சின்னு சொன்னேன். அப்டியா, எங்க படிம்மான்னு அவகிட்ட குடுத்தாங்க. ஆகஸ்ட்டுன்னு படிச்சா. திருப்பிப் படின்னாங்க. திருப்பியும் ஆகஸ்ட்டுங்கறா. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்பறம் ஒரு பேப்பர குடுத்து இதப் படி, அதப் படின்னாங்க."

அவள் ஒரு டம்ளரை எடுத்து டீ பிடித்தாள்.

"அப்ப காதப் புடிச்சிக்கினா டீச்சர். ரொம்ப நாளா புடிக்கிறதில்ல. அன்னிக்கி புடிச்சிக்கினா."

தேதியை மாற்ற நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

"அந்தத் தவளக்குப்பத்துப் புள்ள இப்ப எப்டி டீச்சர் இருக்கா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்காம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெரியவர், "மதாம், ஆரம்பிக்கலாமா?" என்று கூப்பிட்டார். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனேன். முன் பெஞ்சில் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவள் டீ கேனோடு எப்போதும் நிற்கிற இடத்தில் வாசலில் வந்து நின்றாள். அட்டையைக் கையில் வாங்கி, விரலை முதல் வரியில் வைத்தேன்.